அமெரிக்கத் தேர்தலும் குடியரசுத் தலைவரின் அதிகாரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நடைபெற்ற தேர்தலும், அதனைத் தொடர்ந்து 2025இல் வெளியான ஆணைகளும் நம் நாளிதழ்களில் மிகுந்த இடம் பெற்றன. அந்நாள்களில் வகுப்பு முடிந்தபின் மாணவர் சிலரும், ஆராதனைக்குப் பின் சபையார் சிலரும் நம்மை அணுகி இரண்டு வினாக்களை எழுப்பினர். மக்களிடம் அதிக வாக்குகளைப் பெற்றவர் அந்நாட்டில் தோற்றுவிடுவது எங்ஙனம் என்பது ஒன்று. ஒரு மனிதர் ஒரு தாளில் கையொப்பமிட்ட அளவில் உலகச் சந்தைகள் நிலைகுலைகின்றனவே, இத்துணை அதிகாரத்தை அவருக்கு வழங்கியவர் யார் என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களும் வெவ்வேறானவைபோலத் தோன்றினும் அவற்றின் வேர் ஒன்றே என்பது நம் கருத்து. அவ்வேரை ஓரளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1787ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியா நகரில் கூடி அரசியலமைப்பை வகுத்தவர்கள், இங்கிலாந்து மன்னரின் ஆட்சியை உதறிவிட்டுப் பல ஆண்டுகள் ஆகாதவர்கள். அதிகாரம் முழுவதும் ஒருவர் கையில் சேர்வதை அவர்கள் அஞ்சினர். ஆவேசங்கொண்ட கூட்டத்தின் கையில் சேர்வதையும் அஞ்சினர். அவர்களுள் முதன்மையானவராகிய ஜேம்ஸ் மேடிசன், பின்னாளில் பிரின்ஸ்டன் எனப் பெயர்பெற்ற கல்லூரியில், ஜான் விதர்ஸ்பூன் என்னும் பிரஸ்பிட்டேரியன் போதகரிடம் பயின்றவர். மனித இயல்பின்மேல் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை வைத்தலாகாது என்னும் எண்ணம் மேடிசனுடைய எழுத்துகளில் ஊடுருவி நிற்கின்றது. ஆகவே அதிகாரத்தைப் பல கைகளில் சிதறவிட்டனர். தேர்தலை நடத்தும் பொறுப்பும் சிதறியது. ஆளும் பொறுப்பும் சிதறியது. இச்சிதறலே அந்நாட்டிற்குக் காவல். ஆயின், பொறுப்பைப் பெற்ற ஒவ்வொரு கையும் தன் கடமையைச் செய்தாலன்றி அக்காவல் பயன்படாது. அது பயன்பட்ட இடங்களையும் பயன்படாத இடங்களையும் வரலாற்றில் காண்கிறோம்.

ஒரே நாளில் பல தேர்தல்கள்

நம் நாட்டில் தேர்தல் ஆணையம் ஒன்று இருந்து, வாக்காளர் பட்டியல் முதல் முடிவை அறிவிப்பது வரை யாவற்றையும் மேற்பார்வையிடுவதைக் கண்டு பழகிய நாம், அமெரிக்காவிலும் அவ்வாறே இருக்கும் என எண்ணிக்கொள்கிறோம். அங்கு அப்படி இல்லை. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்ற பெயருடைய அமைப்பு ஒன்று 1974ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவானது உண்மையே. எனினும், அது வேட்பாளர்கள் திரட்டும் பணத்தையும் செய்யும் செலவையும் கண்காணிக்கிறதேயன்றி, ஒரு வாக்குச்சாவடியையேனும் நடத்துவதில்லை. தேர்தலை நடத்துவோர் ஐம்பது மாநிலங்களும் தலைநகராகிய வாஷிங்டனும் ஆவர். மாநிலத்துக்குள்ளும், கவுண்டி எனப்படும் 3,000க்கு மேற்பட்ட உள்ளூர்ப் பிரிவுகளே பெரும்பாலும் வாக்குச்சீட்டை அச்சிட்டு, வாக்குகளை எண்ணுகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் இவற்றுக்கு மேற்பார்வையாளர் மாநிலச் செயலர் என்னும் அதிகாரி. அவரும் பல மாநிலங்களில் ஒரு கட்சியின் வேட்பாளராக நின்று வாக்கு வாங்கிப் பதவிக்கு வந்தவரே.

தேர்தல் நாளைமட்டும் காங்கிரஸ் என அழைக்கப்படும் அவர்களுடைய பாராளுமன்றம் குறித்திருக்கிறது. 1845ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமையை அடுத்துவரும் செவ்வாய்க்கிழமையே அந்நாள். உழவர் மிகுந்திருந்த அக்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாமலும், திங்களன்று வண்டியேறிச் செவ்வாயன்று வாக்களித்துப் புதன்கிழமைச் சந்தையைத் தவறவிடாமலும் இருப்பதற்கு வசதியாக இந்நாள் தெரிந்துகொள்ளப்பட்டது என்பர். அந்த வண்டிகளும் சந்தைகளும் மறைந்தன, செவ்வாய்க்கிழமை நிலைத்துவிட்டது.

கட்சிகள் தம் வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் முறையையும் ஒரு வார்த்தையில் சொல்லவேண்டும். முன்னர்க் கட்சித் தலைவர்கள் மாநாட்டில் கூடிப் பேசி முடித்தனர். 1968இல் சிகாகோ மாநாட்டில் எழுந்த குழப்பத்திற்குப் பின், மாநிலந்தோறும் கட்சி ஆதரவாளர்களே வாக்களிக்கும் முதனிலைத் தேர்தல் வலுப்பெற்றது. ஒரு கட்சிக்காரர் தம் சொந்தக் கட்சியின் வாக்காளரை அஞ்சவேண்டிய நிலை இதனால் மிகுந்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்வார்களாக.

இனி முதல் வினாவுக்கு வருவோம். அமெரிக்க வாக்காளர் சீட்டில் குடியரசுத் தலைவர் வேட்பாளரின் பெயரைக் கண்டு குறியிட்டாலும், சட்டப்படி அவர் தெரிந்தெடுப்பது தேர்வாளர் எனப்படும் சிலரை. ஒவ்வொரு மாநிலத்துக்கும், பிரதிநிதிகள் சபையில் அதற்குள்ள உறுப்பினர் தொகையோடு, செனட் சபையின் இரு உறுப்பினரையும் கூட்டிய எண்ணிக்கையில் தேர்வாளர் உண்டு. 435, 100, அவற்றோடு 1961ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் தலைநகருக்குக் கிடைத்த 3 ஆகியன சேர்ந்து 538. இவற்றுள் 270 பெற்றவரே தலைவர். கலிபோர்னியாவுக்கு 54 தேர்வாளர். வயோமிங் மாநிலத்துக்கு 3. ஆனால் மக்கள்தொகையோ முன்னதில் சுமார் 3.9 கோடி, பின்னதில் 6 இலட்சத்துக்கும் குறைவு. கணக்கிட்டுப் பார்த்தால் கலிபோர்னியாவில் 7 இலட்சம் பேருக்கு ஒருவர், வயோமிங்கில் 2 இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் தேர்வாளர் அமைகின்றனர்.

ஆயினும் இவ்வேறுபாட்டைவிடப் பெரிய காரணம் வேறொன்று. மேய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு நீங்கலாக, மற்ற எல்லா மாநிலங்களிலும் ஒரு வாக்கு முந்தியவருக்கே மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் உரியர். இது அரசியலமைப்பில் எழுதப்பட்ட விதியன்று. மாநிலங்கள் தத்தம் நலன் கருதிச் செய்துகொண்ட ஏற்பாடு. எனவே ஒரு மாநிலத்தில் பத்து இலட்சம் வாக்குகளால் வென்றாலும், பத்து வாக்குகளால் வென்றாலும் பயன் ஒன்றே. 2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள் அதிகம் பெற்றார். ஆனால் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் என்னும் மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 78,000க்கும் குறைந்த வாக்குகளால் பின்தங்கியதனால் டொனால்டு டிரம்பிடம் தோற்றார். 2020இல் ஜோ பைடன் 70 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் முந்தினார். ஆயின் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் ஆகியவற்றில் அவர் பெற்ற மொத்த முன்னணி சுமார் 43,000தான். அவை மூன்றும் மாறியிருப்பின் இருவருக்கும் 269 என்று சமநிலை ஏற்பட்டு, பிரதிநிதிகள் சபை மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் தலைவரைத் தெரிந்தெடுக்க நேர்ந்திருக்கும். அங்குக் கலிபோர்னியாவுக்கும் ஒன்று, வயோமிங்குக்கும் ஒன்றே. 1825இல் ஜான் குவின்சி ஆடம்ஸ் இவ்வாறே தலைவரானார்.

இம்முறை ஏன் வகுக்கப்பட்டது? சிறிய மாநிலங்களின் அச்சம், நாட்டின் பரப்பு, வேட்பாளரைப் பொதுமக்கள் அறிந்திருக்கமாட்டார் என்ற எண்ணம் ஆகியவற்றைப் பாடநூல்கள் கூறும். அவை உண்மையே. ஆனால் அடிமைமுறையைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. பிரதிநிதிகளின் தொகையை வகுக்கும்போது, வாக்குரிமையற்ற அடிமைகள் ஐவரை மூவராக எண்ணிக்கொள்ளலாம் என்று அரசியலமைப்பு இடமளித்தது. தேர்வாளர் தொகை பிரதிநிதிகளின் தொகையைப் பொறுத்ததாதலால், அடிமைகளை வைத்திருந்த தென்மாநிலங்களுக்கு அவ்வடிமைகளின் பெயராலேயே கூடுதல் பலம் கிடைத்தது. நேரடித் தேர்தலானால் இப்பலம் தென்மாநிலங்களுக்குக் கிட்டாது என்பதை மேடிசனே மாநாட்டில் எடுத்துரைத்தார். முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியா மாநிலத்தைச் சார்ந்தவர்களே தலைவர்களாக இருந்தனர். அந்நால்வரும் அடிமைகளை உடைமையாகக் கொண்டவர்கள். மனித இயல்பை நம்பாத அந்த அறிஞர்கள், தம் சொந்த இயல்பை அத்துணைக் கூர்மையாக ஆராயவில்லை போலும்.

தேர்தலைப் பல கைகளில் விட்டதன் விளைவை 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் உலகம் கண்டது. அங்குப் பதிவான ஏறத்தாழ 60 இலட்சம் வாக்குகளில் ஜார்ஜ் புஷ் 537 வாக்குகளால் முந்தியதாக அறிவிக்கப்பட்டது. ஒரு கவுண்டியில் வேட்பாளர் பெயர்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடப்பட்டு, நடுவில் துளையிடவேண்டியிருந்ததனால் முதியோர் பலர் குழம்பினர். பிற இடங்களில் துளை முழுதும் விழாமல் காகிதத் துணுக்கு தொங்கிய சீட்டை எண்ணுவதா, தள்ளுவதா என்ற வாதம் எழுந்தது. ஒரு கவுண்டியில் ஒரு விதி, அடுத்ததில் வேறு விதி. டிசம்பர் 12ஆம் நாள் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற பிரிவோடு மறு எண்ணிக்கையை நிறுத்தியது. நாடு முழுவதிலும் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அதிகம் பெற்றிருந்த அல் கோர், தீர்ப்போடு தமக்கு உடன்பாடில்லை எனினும் அதனை ஏற்பதாக அறிவித்தார். அவரைப்பற்றி மீண்டும் பேசவேண்டியிருக்கும்.

தாளும் கையொப்பமும்

அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு வழங்கும் அதிகாரங்கள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். படைகளுக்குத் தலைமை தாங்கலாம். செனட் சபையில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் உடன்படிக்கை செய்யலாம். அச்சபையின் சம்மதத்தோடு நீதிபதிகளையும் அமைச்சர்களையும் நியமிக்கலாம். கூட்டாட்சிச் சட்டப்படியான குற்றங்களை மன்னிக்கலாம். காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை ஏற்க மறுக்கலாம் என்பது முதற் பிரிவிலுள்ளது. இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் மீண்டும் நிறைவேற்றினால் அம்மறுப்பு செல்லாது. சட்டம் இயற்றுதல், வரி விதித்தல், பணம் ஒதுக்குதல், போர் அறிவித்தல் ஆகியவை அவருக்கு இல்லை. அவை காங்கிரசுக்கு உரியவை. சுங்கவரியும் அதற்கே உரியது.

எழுத்து இங்ஙனம் இருக்க, நடைமுறை வேறாக வளர்ந்ததற்குக் காரணம் யாது? தலைவர்கள் பறித்துக்கொண்டதைவிட, காங்கிரஸ் விட்டுக்கொடுத்ததே அதிகம் என்று நமக்குத் தோன்றுகிறது. போரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கா முறைப்படி அறிவித்த போர்கள் ஐந்தே. கடைசி அறிவிப்பு 1942இல். கொரியாவிலும் வியட்நாமிலும் ஈராக்கிலும் பல்லாயிரவர் மாண்டது போர் அறிவிப்பு இல்லாமலே. வியட்நாமின் கசப்பினால், 1973இல் நிக்சனின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது: படையை ஈடுபடுத்தினால் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்கவேண்டும், காங்கிரஸ் இசையாவிடில் 60 நாள்களில் முடிக்கவேண்டும். பின்வந்த தலைவர்கள் கடிதம் அனுப்புவதை ஒரு சடங்காகச் செய்தனர். தாம் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று மனமுவந்து ஒப்புக்கொண்டவர் அரியர்.

தலைவரின் ஆணை எங்கே நின்றுபோகும் என்பதற்கு 1952ஆம் ஆண்டு எஃகு ஆலை வழக்கைப்போல் விளக்கமான எடுத்துக்காட்டு வேறில்லை. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய இருந்தனர். படைக்கலம் தடைப்படும் எனக் கூறி, ஏப்ரல் மாதத்தில் தலைவர் ஹாரி ட்ரூமன் ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ரூஸ்வெல்ட்டாலோ ட்ரூமனாலோ நியமிக்கப்பட்டவர்களே. ஆயினும் ஜூன் 2ஆம் நாள் அவர்களுள் அறுவர் அவ்வாணை செல்லாது என்றனர். ட்ரூமன் சினங்கொண்டார், ஆனால் ஆலைகளைத் தாமதமின்றித் திருப்பிக்கொடுத்தார். வேலைநிறுத்தம் ஐம்பது நாளுக்கு மேல் நீடித்தது.

அவ்வழக்கில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதிய தனிக்கருத்தே இன்றும் அளவுகோலாக வழங்குகிறது. காங்கிரஸ் இசைந்த செயலில் தலைவரின் அதிகாரம் உச்சநிலையில் உள்ளது. காங்கிரஸ் வாய்திறவாத இடத்தில் அது அந்தி வெளிச்சம் போன்றது. காங்கிரசின் விருப்பத்துக்கு மாறாகச் செயற்படும்போது மிகத் தாழ்ந்துவிடுகிறது. இஃது அவர் கருத்தின் சாரம். ரூஸ்வெல்ட்டின் தலைமை வழக்குரைஞராக இருந்து தலைவரின் அதிகாரத்துக்காக வாதிட்டவர் ஜாக்சன். பின்னர் நியூரம்பர்க் நகரில் நாத்சித் தலைவர்களுக்கு எதிராக அமெரிக்காவின் சார்பில் வழக்கை நடத்தியவரும் அவரே. இரு பக்கத்தையும் கண்டவர் எழுதியதனால் அதற்கு எடை மிகுதி.

நிருவாக ஆணை என்பது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. 1948இல் ட்ரூமன் கையொப்பமிட்ட ஆணை ஒன்று படைகளில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைக்கும் வழக்கத்தை ஒழிக்க வழி செய்தது. 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட ஆணையோ, ஜப்பானிய வமிசத்தினர் சுமார் 1,20,000 பேரை வீடுவாசல்களிலிருந்து பெயர்த்து முள்வேலிக்குள் அடைக்க வழி செய்தது. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். இங்கே நாம் கவனிக்கவேண்டியது, பிற கைகள் என்ன செய்தன என்பது. காங்கிரஸ் அடுத்த மாதமே அவ்வாணையை மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. உச்சநீதிமன்றம் 1944இல் அந்நடவடிக்கையைச் செல்லுமெனத் தீர்த்தது. மூன்று துறைகளும் ஒருவரையொருவர் தடுக்கும்படி அமைக்கப்பட்டவை. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தன. 1988இல் காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கியது. அதற்குள் பலர் இறந்துவிட்டனர்.

நம் காலத்து ஆணைகளின் பெரும்பகுதி அவசரநிலைச் சட்டங்களை ஆதாரமாகக் கொண்டவை. 1976இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்படி, தலைவர் அவசரநிலையை அறிவிக்கலாம். இரு சபைகளும் கூடித் தீர்மானித்தால் தலைவரின் கையொப்பமின்றியே அதனை முடிக்கலாம். சட்டத்தின் உயிர் இப்பிற்பகுதியில் இருந்தது. 1983இல் குடியேற்றம் பற்றிய வேறொரு வழக்கில், தலைவரிடம் அனுப்பாமல் காங்கிரஸ் இவ்வாறு தீர்மானிப்பது செல்லாதென உச்சநீதிமன்றம் கூறியது. அதன் விளைவாகச் சட்டம் திருத்தப்பட்டு, அவசரநிலையை முடிக்கும் தீர்மானமும் தலைவரிடமே சென்று கையொப்பம் பெறவேண்டியதாயிற்று. தாம் அறிவித்த அவசரநிலையை முடிக்கத் தாமே கையொப்பமிடுவார் யார்? 2019இல் மெக்சிகோ எல்லைச் சுவருக்காக டிரம்ப் அறிவித்த அவசரநிலையை இரு சபைகளும் எதிர்த்துத் தீர்மானித்தன, அவர் மறுத்தார், மூன்றில் இரு பங்கு கிட்டவில்லை, அவசரநிலை நின்றது. இங்ஙனம் கொடுக்கும்போது பாதி வாக்கு போதுமாக இருந்தது, திரும்பப் பெறுவதற்கு மூன்றில் இரு பங்கு தேவைப்பட்டது.

1977இல் இயற்றப்பட்ட பொருளாதார அவசரநிலைச் சட்டத்தைக்கொண்டே 2025இல் டிரம்ப் பல நாடுகளின்மேல் சுங்கவரி விதித்தார். இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்று கூறும் அச்சட்டத்தில் சுங்கவரி என்ற சொல்லே இல்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மேல் இக்கூடுதல் வரி 50 விழுக்காடாயிற்று. திருப்பூரில் அமெரிக்கக் கொள்முதலை நம்பியிருந்த பின்னலாடைத் தொழில் அதனால் தடுமாறியதை அங்குள்ள சபையார் நமக்குச் சொல்லத் தேவையின்றி நாளிதழ்களே சொல்லின. இரு நாள் கழித்து, இச்சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட வரிகளுள் பெரும்பகுதி பற்றிய வழக்கில், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7க்கு 4 என்ற கணக்கில் அவை சட்டத்தை மீறியவை என்று தீர்ப்பளித்தது. எனினும் வழக்கு உச்சநீதிமன்றத்துக்குச் செல்லும்வரை வரி தொடரவும் அனுமதித்தது. நவம்பரில் உச்சநீதிமன்றம் வாதங்களைக் கேட்டது. ஆணை ஒரே நாளில் வேலை செய்கிறது. நீதிமன்றம் மாதக்கணக்கில் நடக்கிறது. தையல் இயந்திரத்தின் முன் வாரக்கூலிக்கு உட்கார்ந்திருப்பவருக்கு இவ்விடைவெளி சிறிதன்று.

ஜனவரி 6

தேர்தலும் தலைவரின் அதிகாரமும் ஒன்றையொன்று சந்திக்கும் நாள் ஒன்று உண்டு. டிசம்பரில் தேர்வாளர் தத்தம் மாநிலத்தில் கூடி வாக்களித்துச் சான்றிதழ்களை அனுப்புகின்றனர். ஜனவரி 6ஆம் நாள் காங்கிரசின் இரு சபைகளும் கூடியிருக்க, செனட் சபைக்குத் தலைமை தாங்கும் துணைக் குடியரசுத் தலைவர் அவற்றைத் திறப்பார். அதன்பின் வாக்குகள் எண்ணப்படும் என்று அரசியலமைப்பு செயப்பாட்டு வினையில் சொல்லி நிறுத்திவிடுகிறது. யாரால் எண்ணப்படும் என்று சொல்லவில்லை. இலக்கணம் கற்பிக்கும் நம்மவர் இதனைக் கவனிப்பார்கள்.

இவ்விடைவெளியில் 1876ஆம் ஆண்டுத் தேர்தல் விழுந்தது. மூன்று தென்மாநிலங்களிலிருந்து இரண்டிரண்டு சான்றிதழ்கள் வந்தன. பதினைவர் குழு 8க்கு 7 என்று முடிவுசெய்ய, ரதர்போர்டு ஹேய்ஸ் தலைவரானார். அதற்கு ஈடாகத் தெற்கிலிருந்த கூட்டாட்சிப் படைகளின் பாதுகாப்பு விலக்கப்பட்டது. விடுதலை பெற்றிருந்த கறுப்பின மக்களே அதற்கு விலை கொடுத்தவர்கள். 1887இல் எண்ணிக்கைக்கு ஒரு சட்டம் செய்தனர், அதுவும் தெளிவற்றதே. எனினும் நூறாண்டுக்கு மேலாக அது போதியதாயிருந்தது. துணைத் தலைவராக இருந்த அல் கோர் 2001 ஜனவரி 6 அன்று மேடையில் அமர்ந்து, தம் சொந்தத் தோல்வியை எண்ணுவித்தார். அவர் சார்பாகப் பிரதிநிதிகள் சிலர் எழுந்து ஆட்சேபித்தபோது, செனட் உறுப்பினர் ஒருவரின் கையொப்பமும் இல்லாமையால் ஒவ்வோர் ஆட்சேபத்தையும் அவரே தள்ளினார்.

2020 தேர்தலுக்குப்பின் நடந்தவை யாவரும் அறிந்தவை. பதவியிலிருந்த டிரம்ப் முடிவை ஏற்கவில்லை. அவர் சார்பில் தொடரப்பட்ட வழக்குகள் ஐம்பதுக்கு மேற்பட்டவை நீதிமன்றங்களில் நிற்கவில்லை. அவற்றுள் சிலவற்றைத் தள்ளியவர் அவரே நியமித்த நீதிபதிகள். 2021 ஜனவரி 2ஆம் நாள் ஜார்ஜியாவின் மாநிலச் செயலர் பிராட் ரஃபென்ஸ்பெர்கரிடம் தொலைபேசியில் பேசி, 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்கவேண்டுமெனக் கேட்டார். அங்குப் பைடனின் முன்னணி 11,779. ரஃபென்ஸ்பெர்கர் டிரம்பின் கட்சியையே சார்ந்தவர், அவருக்கே வாக்களித்தவர். அவர் இசையவில்லை. அரிசோனாவின் பிரதிநிதிகள் சபைத் தலைவர் ரஸ்டி பௌவர்ஸ் என்பவரும் அக்கட்சியினரே. தேர்வாளரை மாற்றும் யோசனை கூறப்பட்டபோது அவர் ஆதாரம் கேட்டார்; ஆதாரம் வரவில்லை; அவரும் மறுத்தார். தாம் எடுத்த உறுதிமொழியையும், அரசியலமைப்பு தெய்வ ஏவுதலால் ஆனது என்னும் தம் மார்மன் சபையின் நம்பிக்கையையும் பின்னர் விசாரணைக் குழுவின் முன் காரணமாகக் கூறினார். அந்நம்பிக்கையை நாம் ஏற்பதற்கில்லை. ஐவரை மூவராக எண்ணிய விதியும் அதே ஏட்டில்தான் இருந்தது. ஆனால் அவர் உறுதிமொழியைக் காத்தார் என்பதை மறுப்பாரில்லை.

உறுதிமொழி பற்றி நம் சபைகளில் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. குடியரசுத் தலைவர் வேதாகமத்தின்மேல் கைவைத்துப் பதவியேற்பது அந்நாட்டுச் சட்டம் என்று பலர் நினைக்கின்றனர். அது வழக்கமேயன்றிச் சட்டமன்று. 1901இல் தியோடர் ரூஸ்வெல்ட் வேதாகமமின்றிப் பதவியேற்றார். ஆணையிட மனமில்லாத குவேக்கர் போன்றோருக்காக உறுதி கூறுதலும் போதும் என்று எழுதிவைத்தனர். எந்தப் பதவிக்கும் சமயச் சோதனை கூடாது என்பதும் அரசியலமைப்பிலேயே உள்ளது. உறுதிமொழி அரசியலமைப்புக்குச் செய்யப்படுவது. தலைவர் என்னும் ஆளுக்கன்று.

துணைத் தலைவர் மைக் பென்ஸ், சில மாநிலங்களின் சான்றிதழ்களைத் தள்ளவோ திருப்பவோ வேண்டுமென நெருக்கப்பட்டார். அத்தகைய அதிகாரம் தமக்கில்லை என்று ஜனவரி 6 அன்று கடிதம் எழுதிவிட்டு அவைக்குச் சென்றார். கூட்டம் கட்டடத்துக்குள் புகுந்தது, எண்ணிக்கை நின்றது. இரவில் சபைகள் மீண்டும் கூடி, மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குப் பின் எண்ணி முடித்தன. டிரம்பின்மேல் பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவரப்பட்டு, பிப்ரவரியில் செனட் சபையில் 57 பேர் குற்றவாளி என்றனர். வேண்டியது 67. வரலாற்றில் இவ்வாறு விசாரிக்கப்பட்ட தலைவர் மூவர், நான்கு முறை, ஒருவரும் நீக்கப்படவில்லை.

2022 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. துணைத் தலைவரின் வேலை சடங்களவே என்று எழுதப்பட்டது. ஆட்சேபத்துக்கு ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் கையொப்பம் வேண்டும் என்றாயிற்று. 2023இல் டிரம்பின்மேல் குற்றவழக்கு தொடரப்பட்டது. தாம் குற்றமற்றவர் என்றே அவர் கூறிவந்தார். அவ்வழக்கிலிருந்து எழுந்த மேல்முறையீட்டில் 2024 ஜூலை 1 அன்று உச்சநீதிமன்றம் 6க்கு 3 என்று ஒரு புதிய விதியை வகுத்தது: தலைவருக்கே உரிய அரசியலமைப்பு அதிகாரங்களைக்கொண்டு செய்தவற்றுக்கு அவர்மேல் குற்றவழக்கு எழாது, ஏனைய அலுவல்முறைச் செயல்களுக்கும் காப்பு உண்டெனவே முதலில் கொள்ளவேண்டும், தனிப்பட்ட செயல்களுக்கு மட்டும் இல்லை. எழுத்தில் காணப்படாத இக்காப்பை நீதிமன்றம் அதிகாரப் பிரிவினை என்னும் கொள்கையிலிருந்தே வருவித்தது. ஒருவர் கையில் அதிகாரம் சேராதிருக்க எழுந்த கொள்கை அது என்பதை நினைக்க, நமக்கு இத்தீர்ப்பு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

நவம்பரில் டிரம்ப் 312க்கு 226 என்ற தேர்வாளர் கணக்கிலும், இம்முறை மக்கள் வாக்கிலும் வென்றார். வழக்கு கைவிடப்பட்டது. 2025 ஜனவரி 6 அன்று மேடையில் அமர்ந்து தம் தோல்வியை அறிவித்தவர், திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி. வி. கோபாலனின் பேர்த்தியாகிய கமலா ஹாரிஸ். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை, அரைமணி நேரத்தில் அலுவல் முடிந்தது. அம்மாதம் 20ஆம் நாள் பதவியேற்ற டிரம்ப், 2021 நிகழ்ச்சிக்காகத் தண்டனை பெற்றும் வழக்கில் சிக்கியும் இருந்த சுமார் 1,500 பேரை மன்னித்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் பைடன் தம் மகனையும், பதவி விட்டிறங்கிய நாளில் தம் உடன்பிறந்தோரையும் மன்னித்திருந்தார். மன்னிக்கும் அதிகாரத்துக்கு மட்டும் அரசியலமைப்பு வேறு கை எதனையும் காவலாக வைக்கவில்லை.

மறுத்து நின்றவர்களைப்பற்றி மாணவர் ஒருவர் கேட்டார். பௌவர்ஸ் 2022 ஆகஸ்டில் தம் மாநிலச் செனட் சபைக்குக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் நின்று தோற்றார். ரஃபென்ஸ்பெர்கர் அதே ஆண்டு மே மாதத்து முதனிலைத் தேர்தலிலும் நவம்பர்ப் பொதுத்தேர்தலிலும் வென்று மீண்டும் மாநிலச் செயலரானார். பென்ஸ் தம் கட்சியின் தலைவர் வேட்பாளராக முயன்று, முதல் வாக்கு பதிவாவதற்கு முன்னமே, 2023 அக்டோபரில் விலகிக்கொண்டார்.